மேடைப் பதிவும் ஸ்டூடியோப் பதிவும்: இரு வடிவிலும் கேட்ட சில பாடல்கள் குறித்து ஒரு மதிப்புரை

ஒருவர் மேடையில் பாடி முடித்ததும் கேட்டவர்கள் சொல்லும் ஆகப்பெரிய பாராட்டு, பல நேரங்களில் "அப்படியே ரெக்கார்டில் கேட்ட மாதிரியே இருந்தது" என்பதாக இருக்கிறது. பாடியவரின் உழைப்பை மதித்துச் சொல்லப்படும் சொல்தான் அது. ஆனாலும் மேடைப் பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்டுவருகிற எனக்கு அந்த அளவுகோலோடு உடன்பாடு இல்லை. ரெக்கார்டு வேண்டுமென்றால் ரெக்கார்டு இருக்கிறது; எத்தனை முறை ஓடவிட்டாலும் நூலளவும் மாறாமல் அதே பாட்டைத் தரும். அதே பாட்டின் மேடைப் பதிவை ஒருவர் பணம் கொடுத்து வாங்குவதும், நேரம் ஒதுக்கி உட்கார்ந்து கேட்பதும், முதற்பதிவில் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில்தான். ஆகவே, ஸ்டூடியோவில் அந்தப் பாட்டு எந்த இடத்தில் முழுமை பெறாமல் நின்றதோ அந்த இடத்தை மேடை நிரப்பியிருக்கிறதா என்று பார்ப்பதே நியாயமான மதிப்பீடு என்று நினைக்கிறேன். பரவலாக அறியப்பட்ட சில பதிவுகளை இங்கே அப்படித்தான் எடைபோடுகிறேன்.

ஸ்டூடியோ என்ன தருகிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் அதைக் குறைத்து மதிப்பிடுபவர்களும் இருக்கிறார்கள். மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று பாடுகிறபோது குரலை உயர்த்த வேண்டிய அவசியமே இல்லை. ரகசியம் சொல்வது போன்ற தொனியைக்கூட எழுபது பேர் கொண்ட வாத்தியக் குழுவுக்கு மேலே மிதக்கவிட முடியும். இயற்கையில் அப்படி ஒரு குரல் அப்படி ஒரு குழுவுக்கு எதிரே கேட்கவே கேட்காது. ஒரே வரியைப் பல டேக்குகளில் பாடி, ஒன்றில் முதற்சொல்லையும் இன்னொன்றில் கடைசிச் சொல்லையும் எடுத்துத் தைத்துவிடலாம். தன் குரலோடு தானே இரண்டாவது முறை சேர்ந்து பாடி அதற்குக் கனம் ஏற்றலாம். 1997இல் ஆட்டோ-டியூன் என்ற மென்பொருள் வந்த பிறகு, சற்றே விலகிய சுருதியைப் பின்னால் நேராக்கிவிடவும் முடிகிறது. கிளிக் டிராக் என்று காதில் சீராக ஒலிக்கும் தாளத் தட்டலின் துணையோடு காலப்பிரமாணம் தொடக்கம் முதல் முடிவு வரை அசையாமல் நிற்கிறது. இவை எதுவும் ஏமாற்று வேலை அல்ல. ஓவியர் அழித்து அழித்து வரைவதை யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒருவருக்கு மட்டும் இடமில்லை. பாட்டைக் கேட்கப்போகிறவர் அந்த அறையில் இல்லை. யாருக்காகப் பாடுகிறோமோ அவர் முகம் தெரியாமலேயே பாடகர் அந்தப் பாட்டைப் பாடி முடித்துவிடுகிறார்.

கேட்பவர் உள்ளே வந்ததும் ஒரு பாட்டு எப்படி வேறாகிறது என்பதற்கு, ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லியின் 'நோ உமன், நோ க்ரை' பாடலைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கேட்டதில்லை. 1974இல் வந்த 'நாட்டி டிரெட்' ஆல்பத்தில் இருக்கும் முதல் வடிவம் ஏறத்தாழ நான்கு நிமிடம். தாளத்துக்கு டிரம் மெஷினின் சீரான தட்டல். நடையும் சற்று விரைவு. நல்ல பாட்டுதான், ஆனால் ஆல்பத்தில் ஒரு பாட்டாக வந்து போய்விடுகிறது. 1975 ஜூலையில் லண்டன் லைசியம் அரங்கில் அதே பாட்டை மார்லியும் அவர் குழுவும் பாடியபோது, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஒலிப்பதிவு வண்டி அதைப் பதிவு செய்தது. அந்தப் பதிவில் நடை கண்கூடாகத் தளர்ந்து இறங்கியிருக்கிறது; நீளம் ஏழு நிமிடத்தைத் தாண்டுகிறது. ஆர்கன் ஓசை எழுந்து, முகப்பிசை இன்னும் முடியாத நிலையில், மார்லி வாய் திறப்பதற்கு முன்பே கூட்டம் பல்லவியைப் பாடத் தொடங்கிவிடுகிறது. அந்தச் சில நொடிகளை ஹெட்போனில் கவனமாகக் கேட்டுப் பாருங்கள். கூட்டத்தின் சுருதி முழுக்கச் சேரவில்லை, சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன, இருந்தாலும் பாட்டின் பொருள் அந்த இடத்திலேயே துலங்கிவிடுகிறது. அழுகிற பெண்ணைத் தேற்றுகிற பாட்டு அது. ஸ்டூடியோவில் ஒரு மனிதர் ஒரு பெண்ணைத் தேற்றினார். அரங்கில் ஓர் ஊரே சேர்ந்து தேற்றுகிறது.

அதே பாட்டில், எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பகுதி ஒன்று வருகிறது. எழுத்தில் பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. ஸ்டூடியோப் பதிவில் கேட்டால் சற்று நீண்டுவிட்டதோ என்றுகூடத் தோன்றும். மேடையில் அந்தத் திரும்பச் சொல்லல்தான் உயிர்நாடி. முதல் இரண்டு மூன்று முறை அது ஆறுதலாக ஒலிக்கிறது, பிறகு வேண்டுதலாக மாறுகிறது, அதற்குப் பிறகு கூட்டமும் பாடகரும் ஒருவரை ஒருவர் நம்பவைத்துக்கொள்வது போல் ஆகிவிடுகிறது. மார்லி இறந்த பிறகு 1984இல் 'லெஜண்ட்' என்ற தொகுப்பை வெளியிட்டபோது, இந்தப் பாட்டுக்கு ஸ்டூடியோ வடிவத்தை விட்டுவிட்டு லைசியம் வடிவத்தையே சேர்த்தார்கள். இன்று உலகம் முழுக்க அந்தப் பாட்டு என்று சொன்னால் பெரும்பாலோர் மனத்தில் ஒலிப்பது அந்த மேடை வடிவமே. முதற்பதிவை அதற்குப் பிறகு கேட்பவர்களுக்கு, அது பாட்டின் முன்வரைவு போலத் தோன்றினால் அதில் வியப்பில்லை.

மேடை என்றால் எப்போதும் நடை தளரும் என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. கூட்டத்தின் ஆரவாரம் ரத்தத்தைச் சூடேற்றுகிறது, டிரம்ஸ் வாசிப்பவரின் கை தன்னையறியாமல் முந்துகிறது, குழு முழுவதும் அதன் பின்னால் ஓடுகிறது. பல பாடல்களுக்கு இது கேடாகவே முடிகிறது. வரிகளுக்கு நடுவே மூச்சுவிட இருந்த இடைவெளி போய்விடுகிறது, சங்கதிகள் மழுங்குகின்றன. ஆனால் சீப் டிரிக் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'ஐ வான்ட் யூ டு வான்ட் மீ' பாடலை இந்த வேகம்தான் காப்பாற்றியது. 1977இல் வந்த ஸ்டூடியோ வடிவம் துள்ளல் பியானோவோடு, நாடக மேடைப் பாட்டுப் போல, அடக்கி வாசிக்கப்பட்டிருக்கிறது. 1978 ஏப்ரலில் ஜப்பானில் பதிவான வடிவத்தில் அந்த அலங்காரமெல்லாம் உதிர்ந்து, கிடாரும் டிரம்ஸும் மட்டும் முன்னால் பாய்கின்றன. பாடகர் ஒரு சொல்லை நிறுத்திப் பாட, இளம்பெண்கள் நிறைந்த கூட்டம் அதே சொல்லைத் திருப்பிக் கூவுகிறது. முதலில் ஜப்பானில் மட்டுமே விற்பனைக்கு வந்த அந்த ஆல்பம், கேட்டவர்கள் அதைத் தேடி இறக்குமதி செய்ததால் 1979இல் அமெரிக்காவிலும் வெளியானது. ஸ்டூடியோ வடிவில் அமெரிக்காவில் கவனிக்கப்படாமல் போன அந்தப் பாட்டு அந்நாட்டுத் தரவரிசையில் ஏழாம் இடம் வரை ஏறியது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒன்று புரியும்: பாட்டு முதலிலிருந்தே வேகமான பாட்டுதான், ஸ்டூடியோவில்தான் அதற்குத் தவறான சட்டையை மாட்டியிருந்தார்கள்.

மேடைப் பதிவுகளைக் கேட்கும்போது நான் தனியாகக் காது கொடுப்பது முடிவுகளுக்கு. ஸ்டூடியோவில் ஒரு பாட்டை முடிக்கவே வேண்டியதில்லை. பல்லவியைச் சுற்றிச் சுற்றிப் பாடவிட்டு ஒலியை மெல்லக் குறைத்துக்கொண்டே போனால் போதும், கேட்பவர் மனத்தில் பாட்டு எங்கோ தொடர்ந்துகொண்டிருக்கும். பீட்டில்ஸ் குழுவின் 'ஹே ஜூட்' ஏழு நிமிடத்துக்குச் சற்று மேலே ஓடுகிறது; அதில் பாதிக்கும் மேல், ஒரே கோரஸ் திரும்பத் திரும்ப வந்து கடைசியில் தேய்ந்து மறைவதுதான். மேடையில் இந்த வசதி கிடையாது. ஒலியைக் குறைத்துக்கொண்டே போய் ஒரு குழு மறைந்துவிட முடியாது. யாராவது ஒருவர் கையைத் தூக்கி அடித்து, பாட்டை ஓர் இடத்தில் நிறுத்தியாக வேண்டும். எனவே முடிவு இல்லாமல் பதிவான ஒவ்வொரு பாட்டுக்கும், மேடைக்காக ஒரு முடிவைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. டிரம்ஸை உருட்டி, எல்லா வாத்தியங்களையும் ஒரே ஸ்வரத்தில் முழங்கவிட்டு, இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரு முறை என்று அடித்து முடிப்பது சோம்பேறித்தனமான வழி. இருந்தும் அதைத்தான் பெரும்பாலான குழுக்கள் செய்கின்றன. கோரஸை வாத்தியங்கள் ஒவ்வொன்றாக விட்டு விலக, கடைசியில் கூட்டத்தின் குரல் மட்டும் மிஞ்சும்படி செய்பவர்கள் பாட்டை யோசித்துப் பார்த்தவர்கள். ஒரு மேடை ஆல்பத்தை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க, அதில் இரண்டு மூன்று பாடல்களின் கடைசி ஒரு நிமிடத்தை மட்டும் கேட்டாலே போதும் என்பது என் அனுபவம்.

நீட்டுவதிலும் இரண்டு வகை இருக்கிறது. ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் 'விப்பிங் போஸ்ட்' 1969 ஸ்டூடியோ ஆல்பத்தில் ஐந்து நிமிடத்தை ஒட்டியது. 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவான வடிவம் சுமார் 23 நிமிடம். பதினோரு எண்ணிக்கையில் நடக்கும் அதன் தொடக்கத் தாளம் கேட்பவரை முதலிலேயே உலுக்கி உட்காரவைத்துவிடுவதால், பிறகு குழு தாளத்தையே கைவிட்டு ஏறக்குறைய மௌனத்துக்கு இறங்கி மறுபடி கட்டியெழுப்பும்போதும் கவனம் சிதறுவதில்லை. கையிலிருக்கும் வித்தையைக் காட்டுவதற்காக மட்டும் நீட்டப்படும் கிடார் தனி ஆவர்த்தனங்களைப் பற்றி இங்கே எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

அமெரிக்க சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் 'லைவ் அட் தி அப்பல்லோ' ஆல்பம் பற்றி மட்டும் விரிவாகவே சொல்ல வேண்டும். 1962 அக்டோபர் 24 அன்று நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலுள்ள அப்பல்லோ அரங்கில் இந்த நிகழ்ச்சி பதிவானது. ஏற்கெனவே ரெக்கார்டாக வந்துவிட்ட பாடல்களையே மேடையில் பாடிய ஆல்பத்தை யார் வாங்குவார்கள் என்று ரெக்கார்டு நிறுவனத் தலைவர் பணம் போட மறுத்துவிட்டார். பிரவுன் தன் சொந்தப் பணத்தைப் போட்டுப் பதிவு செய்தார். 1963இல் வெளியான அந்த ஆல்பம் அமெரிக்க ஆல்பத் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை ஏறி, 66 வாரங்கள் பட்டியலில் இருந்தது. மொத்த ஆல்பமும் அரை மணி நேரத்தை ஒட்டியதுதான். அதில் மூன்றில் ஒரு பங்கு 'லாஸ்ட் சம்வன்' என்ற ஒரே பாட்டு. 1961இல் சிறு இசைத்தட்டாக வந்தபோது சில நிமிடங்களில் முடிந்துபோன அந்தப் பாட்டு இங்கே பத்து நிமிடத்தைத் தாண்டுகிறது. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் தொடங்கி, பக்கம் தீர்ந்துபோய், மறுபக்கத்தில் தொடர்ந்து முடிகிற அளவுக்கு நீளம்.

அந்தப் பத்து நிமிடத்தில் இசை என்று பார்த்தால் நடப்பது மிகக் குறைவு. குழு அதே சிறிய சுற்றை வாசித்துக்கொண்டே இருக்கிறது. பித்தளை வாத்தியங்கள் வந்து ஒரு வெட்டு வெட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. அதன்மேல் பிரவுன் கெஞ்சுகிறார், அரற்றுகிறார், குரலைப் பேச்சளவுக்குத் தாழ்த்துகிறார், கூட்டத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பது போல நிறுத்துகிறார். அந்த நிறுத்தங்களில் அரங்கின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒரு பெண்ணின் கூவல் எழுகிறது. அடுத்த வரியை எந்த உச்சத்தில் தொடங்குவது என்பதை அவர் அந்தக் கூவலிலிருந்தே எடுத்துக்கொள்கிறார். ஸ்டூடியோவில் இந்தப் பதில் வந்திருக்கவே முடியாது, பதில் வராமல் அடுத்த வரிக்கு இந்த உச்சமும் வந்திருக்காது. பிரிவைப் பாடுகிற பாட்டு என்ற அளவில் ரெக்கார்டில் அது ஒருவரின் தனிப்புலம்பல். அப்பல்லோவில், தலைவி இல்லாத இடத்தில் ஓர் அரங்கு முழுவதும் அவரோடு துணைக்கு நிற்கிறது. மேடைப் பதிவு என்ற வடிவத்துக்கு நியாயம் கற்பித்த ஆல்பம் எது என்று என்னைக் கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். ஒலியின் தெளிவில் இன்றைய பதிவுகளோடு போட்டிபோட முடியாது; பாஸ் என்னும் தாழ்ந்த ஓசை பின்னடைந்து கேட்கிறது, உச்சத்தில் குரல் சில இடங்களில் பிசிறடிக்கிறது. பிசிறடிக்கும் அந்த இடங்களைத் திருத்திய வடிவம் ஒன்று வந்தால் நான் அதை வாங்க மாட்டேன்.

மேடைக்கு வரவே முடியாத பாடல்களும் உண்டு, அதை ஒப்புக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் பாடியபோது 55,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். அந்தக் கூச்சலுக்கு முன்னால் மேடையில் இருந்த 100 வாட் பெருக்கிகளும் விளையாட்டு அறிவிப்புக்கென்று வைத்திருந்த மைதான ஒலிபெருக்கிகளும் எந்த மூலைக்கும் போதவில்லை. பாடியவர்களுக்கே தங்கள் குரல் கேட்கவில்லை. இன்று மேடையில் பாடுபவருக்கு அவர் குரலை அவருக்கே திருப்பிக் கேட்கவைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர்கள் அன்று அவர்களுக்கு இல்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதே நால்வர் 'டுமாரோ நெவர் நோஸ்' என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள். வளையமாக ஒட்டப்பட்ட நாடாத் துண்டுகள் பல இயந்திரங்களில் ஒரே நேரத்தில் சுழல, ஆர்கனுக்கு உரிய சுழலும் ஸ்பீக்கர் வழியாகப் பாடகரின் குரல் வெளிவந்தது. அந்தப் பாட்டு இடம்பெற்ற 'ரிவால்வர்' ஆல்பம் 1966 ஆகஸ்ட் தொடக்கத்தில் வெளியானது. அந்த மாதமே அவர்கள் சுற்றுப்பயணத்திலும் இருந்தார்கள். ஆனால் அந்த ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டைக்கூட மேடையில் பாடவில்லை. ஆகஸ்ட் 29 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் பாடியதோடு கட்டணக் கச்சேரிகளையே நிறுத்திவிட்டார்கள். இதைத் தோல்வி என்று எழுதுபவர்களோடு நான் உடன்படவில்லை. அவர்கள் செய்ய விரும்பிய இசைக்கு ஸ்டூடியோவே மேடை.

குவீன் குழு இதே சிக்கலை வேறு விதமாகக் கையாண்டது. 1975இல் வந்த 'பொஹீமியன் ராப்சடி' பாடலின் நடுப்பகுதி, மூன்று பேரின் குரல்களை நாடாவில் அடுக்கடுக்காக ஏற்றிக் கட்டிய ஒரு பெரும் கோரஸ். நால்வர் மட்டுமே நிற்கும் மேடையில் அதைப் பாடிக் காட்ட வழியே இல்லை. அதனால் கச்சேரிகளில் அந்தப் பகுதி வந்ததும் குழுவினர் மேடையை விட்டு விலகிவிடுவார்கள். விளக்குகள் மட்டும் ஆட, நாடா ஓடும். பிறகு ராக் பகுதிக்குத் திரும்பிவந்து நேரடியாக வாசிப்பார்கள். உதட்டை அசைத்துப் பாடுவதாகப் பாவனை செய்யாமல் மேடையைக் காலியாக விட்ட நேர்மைக்காக இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளியில் நடந்த லைவ் எய்ட் நிதி திரட்டும் நிகழ்ச்சியில் அவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சுமார் இருபது நிமிடம்தான் கையில் இருந்தது. குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரி பியானோவில் அமர்ந்து அந்தப் பாட்டின் முதற்பகுதியை மட்டும் பாடி, கோரஸ் பகுதி தொடங்க வேண்டிய இடத்தில் அதை அப்படியே விட்டுவிட்டு 'ரேடியோ காகா'வுக்குத் தாவினார். ஸ்டூடியோவில் மின்னணுத் தாளமும் சிந்தசைசரும் சேர்ந்து சற்றுக் குளிர்ச்சியாக ஒலிக்கும் பாட்டு அது. அங்கே எழுபதாயிரம் பேர் ஒரே வீச்சில் கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டியபோது அதன் தாளம் மனிதர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. முடியாத பாட்டை வெட்டி, முடிகிற பாட்டைக் கூட்டத்திடம் கொடுத்த அந்த முடிவு ஒரு பாடத்திட்டத்தில் சேர்க்கத் தக்கது.

கூட்டத்தின் முழக்கத்தை மட்டுமே மேடையின் பலமாகச் சொல்லிக்கொண்டு போனால், நிர்வானா என்ற ராக் குழு 1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில், மின்சார வாத்தியங்களைத் தவிர்த்து வாசிக்கும் எம்டிவி தொலைக்காட்சியின் அன்பிளக்டு நிகழ்ச்சிக்காக வாசித்ததற்கு இங்கே இடமில்லாமல் போய்விடும். அவர்களின் ஸ்டூடியோப் பதிவுகள் காதைப் பிளக்கும் கிடார் ஓசையால் கட்டப்பட்டவை. இங்கே அந்தச் சுவர் எடுக்கப்பட்டுவிடுகிறது. டிரம்ஸ் வாசிக்கும் டேவ் குரோல் தடித்த குச்சிகளை வைத்துவிட்டுத் தூரிகை போன்ற மெல்லிய குச்சிகளை எடுத்துக்கொள்கிறார், பக்கத்தில் ஒரு செல்லோ வருகிறது, அவர்களின் மிகப் புகழ்பெற்ற பாட்டு நிகழ்ச்சியில் இடம்பெறவே இல்லை. ஆல்பத்திலுள்ள 14 பாடல்களில் ஆறு, மற்றவர்கள் பாடியவை. சுவர் இல்லாதபோது பாடகர் கர்ட் கோபேனின் குரலில் இருக்கும் கீறல்களும், ஒரு சொல்லின் நடுவில் அது உடைந்து மறுபடி கூடும் விதமும், வரிகளின் பொருளும் முதன்முறையாக முன்னால் வந்து நிற்கின்றன. மேடைக்கு வந்து ஒலியைப் பெருக்குவதற்குப் பதிலாகச் சுருக்கிய பதிவு இது. முழுக்க இயற்கையான ஒலி என்று இதை விற்பதில் மட்டும் கொஞ்சம் மிகை இருக்கிறது: கோபேன் தன் கிடாரை, ஒலியின் தன்மையை மாற்றும் விளைவுப் பெட்டிகள் வழியாக ஒரு பெருக்கியில் இணைத்திருந்தார், அந்தப் பெருக்கி மானிட்டர் போலத் தோன்றும்படி மறைக்கப்பட்டிருந்தது. டேவிட் போவியின் பாட்டை அவர்கள் வாசிக்கும் இடத்தில், தனித்து ஒலிக்கும் கிடார் வரியின் கரகரப்பைக் கேட்டாலே அது தெரிந்துவிடும். பாட்டுக்கு அது தேவைப்பட்டது, அழகாகவும் இருக்கிறது. ஆகவே குறையாகச் சொல்லவில்லை.

மறைத்துச் சேர்ப்பது எல்லா இடத்திலும் இவ்வளவு எளிதாக மன்னிக்கத் தக்கதாக இருப்பதில்லை. ஷே ஸ்டேடியம் நிகழ்ச்சியைத் தொலைக்காட்சிப் படமாக்கியபோது, 1966 ஜனவரியில் பீட்டில்ஸ் ஒரு லண்டன் ஸ்டூடியோவுக்குச் சென்று அதன் ஒலியில் பல பகுதிகளைப் புதிதாக வாசித்துச் சேர்த்தார்கள். அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷ் 1968 ஜனவரி 13 அன்று கலிஃபோர்னியாவின் ஃபோல்சம் சிறையில் கைதிகள் முன்னால் பாடிய ஆல்பம் மேடைப் பதிவுகளில் ஒரு சிகரம். 1955இல் டிரம்ஸ்கூட இல்லாமல் மூன்று பேர் வாசித்த 'ஃபோல்சம் பிரிசன் ப்ளூஸ்', அந்தச் சிறைக்குள்ளேயே பாடப்படும்போது அடையும் கனத்தை எந்த ஸ்டூடியோவும் தர முடியாது. ஆனால் அந்தப் பாட்டில் கொலையைச் சொல்லும் வரியைத் தொடர்ந்து எழும் உற்சாகக் கூச்சல் அந்த இடத்தில் எழுந்தது அல்ல. ஆல்பத்தைத் தயாரித்தவர்கள் பிறகு அங்கே ஒட்டியது. கைதிகள் அந்த வரிக்குக் கைதட்டவில்லை. காவலர்கள் சூழ்ந்திருக்க, தங்கள் குற்றத்தை நினைவூட்டும் ஒரு வரிக்குக் கீழே அவர்கள் அமைதியாக இருந்தார்கள் என்பதுதான் எவ்வளவு பெரிய செய்தி! அந்த அமைதியை அப்படியே விட்டிருந்தால் ஆல்பம் இன்னும் உயர்ந்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து. பாடகரின் ஒரு தவறான ஸ்வரத்தைத் திருத்துவதை நான் பொறுத்துக்கொள்வேன். கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்பதைத் திருத்துவதை ஏற்க முடியாது, ஏனென்றால் மேடைப் பதிவில் விற்கப்படும் சரக்கே அதுதான்.

இதற்கு நேரெதிராக, தவறையே பதக்கமாக அணிந்த பதிவு, ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் பெர்லின் கச்சேரி. 1960 பிப்ரவரி 13 அன்று 'மேக் தி நைஃப்' பாடும்போது அவருக்குப் பாதியில் வரிகள் மறந்துவிட்டன. அவர் நிறுத்தவில்லை, முணுமுணுக்கவும் இல்லை. மறந்துபோனதையே மெட்டுக்குள் அமைத்துப் பாடி, ஜாஸ் பாடகர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலை நடித்துக் காட்டி, பொருளற்ற ஒலிகளால் சரணங்களை நிரப்பி, தாளம் ஒரு மாத்திரைகூடத் தவறாமல் கரை சேர்ந்தார். ஆல்பத்தில் அது வெட்டப்படாமல் அப்படியே இருக்கிறது. அந்தப் பாட்டுக்கும் அந்த ஆல்பத்துக்கும் அவருக்கு கிராமி விருதுகள் கிடைத்தன. ஸ்டூடியோவாக இருந்திருந்தால் இன்னொரு டேக் எடுத்திருப்பார்கள், நமக்கு வரிகள் சரியாக உள்ள ஒரு நல்ல பாட்டு கிடைத்திருக்கும்.

இந்தப் பதிவுகளைக் கேட்கும் முறை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேடைப் பதிவு எடுபடவில்லை என்று சொல்பவர்களில் பலர் அதைத் தவறான விதத்தில் கேட்டிருக்கிறார்கள். நம் காது ஒலியின் அளவு குறையும்போது தாழ்ந்த ஓசைகளையே முதலில் இழக்கிறது. ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே இதை அளந்து காட்டினார்கள். அரங்கில் வயிற்றை அதிரவைத்த பாஸும் டிரம்ஸும் கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரில் காணாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த ஸ்பீக்கருக்கு அந்த ஓசைகளை எழுப்பும் திறனும் இல்லை. ஸ்டூடியோப் பதிவு சிறிய கருவியிலும் எடுபடும்படி கலவை செய்யப்பட்டிருக்கும், ஆகவே அங்கே அது பிழைத்துக்கொள்கிறது. கூட்டத்தின் ஓசைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நிற்பவர் பாட்டை கால் நொடிக்கும் மேல் தாமதமாகக் கேட்கிறார், அவர் தட்டும் கை மேடைக்குத் திரும்பிவர அதே அளவு தாமதம் மறுபடி ஆகிறது. பெரிய மைதானப் பதிவுகளில் கூட்டம் எப்போதும் தாளத்துக்குப் பின்னால் இழுபடுவது போலக் கேட்பது அதனால்தான். யாருக்கும் தாளம் தெரியாது என்று பொருளல்ல. லைசியம், அப்பல்லோ போன்ற சிறிய அரங்குகளில் இந்தத் தாமதம் மிகக் குறைவு. கூட்டமும் குழுவும் ஒரே மூச்சில் ஒலிக்கும் பதிவு வேண்டுமென்பவர்கள் மைதானத்தைவிட அரங்கைத் தேர்ந்தெடுக்கலாம்.

தனித்தனிப் பாட்டாகப் பொறுக்கியும் கேட்கக் கூடாது. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கும் வரை அரங்கில் இருக்கும் சலசலப்பும், பாடகர் சொல்லும் இரண்டு வார்த்தையும், சுருதி சேர்க்கும் ஒலியும் அடுத்த பாட்டுக்கான தயாரிப்பு. பாடல்களைக் கலைத்துப்போட்டு ஓடவிடும் வசதியை அணைத்துவிட்டு, பாடல்களுக்கு நடுவே இடைவெளி விடாமல் ஓட்டும் வசதி உங்கள் செயலியின் அமைப்புகளில் இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். அது இல்லாமல் கேட்டால் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் கைதட்டல் கத்தியால் வெட்டியது போல நின்று மறுபடி தொடங்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் மார்லியின் 1974 பதிவை முதலிலும் லைசியம் பதிவை அடுத்தும் கேட்கலாம், ஒரே பாட்டு என்பதால் வேறுபாடு உடனே பிடிபடும். அடுத்து அப்பல்லோ, அதை மட்டும் எழுந்துபோக வேண்டிய அவசியமில்லாத ஒரு அரை மணி நேரத்தில், ஒலியைத் தாராளமாக வைத்து, முதற்பாட்டிலிருந்து கேட்க வேண்டும். 'லாஸ்ட் சம்வன்' நடுவில் இரண்டாகப் பிரிந்திருக்கும் பழைய இசைத்தட்டைவிட, அந்தப் பாட்டைத் துண்டிக்காமல் சேர்த்துத் தரும் பிற்கால வெளியீடு ஒன்றை வாங்குவது நல்லது.